ஒரு கோடி ஆட்டமும் இரண்டு ஸ்வர்ணலதாவும்

ஆரணி
வியாழக்கிழமை

அன்பு மகன் சுதாகருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்டாட்டி லீலாவும் நல்ல சுகம், மழை விட்டது, தறி ஓடுகிறது. அந்தக் குளிர் ஊரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

உன் மகள் சரண்யா சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பத்து நாளாகச் செஸ் பலகையைத் தொடவில்லை. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், காகிதத்தில் குறுக்கே வர முடியாது பார். வேலூர் போட்டிக்கு எழுபது லட்சம் ஆட்டம் போதாதென்று ஒரு கோடி ஆட்டம் உள்ள டேட்டாபேஸ் வாங்கி அனுப்பினாய். ஸ்வர்ணலதா எம். என்கிற பெண்ணை ஜெயித்தால்தான் பரிசு உண்டு என்று, அவள் ஆடிய ஆட்டம் அறுபத்திரண்டை அதில் நீயே தேடிக் கொடுத்தாய். பதினைந்து நாள் சோற்றுத் தட்டோடு பிள்ளை அதைத்தான் பார்த்தாள். ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயைத்தான் அவள் முதலில் தள்ளுவாள் என்று எனக்கே மனப்பாடம். அங்கே அந்தப் பெண் குதிரையை எடுத்து வைத்தாள். சரண்யாவுக்குப் படித்தது ஒன்றும் உதவவில்லை, தோற்றாள். கண்ணமங்கலம் வரை பஸ்ஸில் அழுதாள். வீட்டுக்கு வந்தால் நீ போனில், ஒழுங்காகப் படிக்கவில்லை என்று திட்டினாய். அன்றே பலகை பீரோ மேலே போய்விட்டது.

எனக்கு ஆறவில்லை, அந்த அறுபத்திரண்டையும் காட்டச் சொன்னேன். அஞ்சாவது படித்தவளுக்கு எண் தெரியாதா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று வருஷம் போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. பிறப்பதற்கு முன்னாலேயே ஆடினாளாடா? கோச் அருணாச்சலம் தலையில் அடித்துக்கொண்டார், அது வேறு ஸ்வர்ணலதா, சேலத்தில் ஒரு டீச்சரம்மாவாம். நம் தெருவில் மாணிக்கவேல் மூன்று பேர், தபால்காரர்கூட எந்த மாணிக்கவேலுங்க, அப்பா பேர் என்னங்க என்று கேட்டுத்தான் கொடுக்கிறார். எம். என்றால் முருகேசன் மகளா மதியழகன் மகளா, எந்த ஊர், என்ன வயசு என்று பார்க்க உனக்குத் தோன்றவில்லை, இத்தனைக்கும் பிறந்த வருஷமும் அதிலேயே இருக்கிறதாம். பேஜார் பிடித்த வேலை. இதில் இன்னும் பெரிசு வந்திருக்கிறது, வாங்கட்டுமா என்று லீலாவைக் கேட்டாயாமே. வேண்டாம். ஏன் இப்படி நகர்த்தினார்கள் என்று விளக்கம் எழுதிய ஆட்டம் இருநூறு, அதோடு இவளே ஆடித் தோற்றது, அது போதும் என்கிறார் கோச்.

நேற்று இவளுடைய வேலூர் ஆட்டம் அந்த டேட்டாபேஸில் ஏறிவிட்டதா என்று அவர் தேடினார். சரண்யா என்று போட்டால் இல்லை. கடைசியில் அகப்பட்டது. தகப்பன் பெயரை முன்னால் போட்டு, இவள் பெயரை வெறும் எஸ். ஆக்கித் தொலைத்திருக்கிறார்கள். ஸ்வர்ணலதாவுக்கு ஒன்று, சுதாகர் எஸ்.ஸுக்குப் பூஜ்யம். தோத்தது நானில்ல ஆயா, எங்கப்பாதான் என்று சொல்லி, பத்து நாள் கழித்துச் சிரித்தாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

சேத்துப்பட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை கடைசி. அதற்குள் அவளைக் கூப்பிடு. தோற்றவன் பேசுகிற மாதிரி பேசு. பலகையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.

தேவிகாபுரத்துப் பெரியநாயகி உனக்குத் துணை இருப்பாள், புத்தியும் கொடுப்பாள். காதை மூடிக்கொண்டு போ.

உன் அம்மா
ஜெயம்