மீசைக்காரரின் சனிக்கிழமை

ஹாபவேசி
4 பிப்ரவரி 1974

அன்புள்ள சைமா,

தேவ வாழ்த்து.

கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்த பிறகும் மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை உன் அக்கா ஐலியிடம் நினைவுபடுத்து. வாசல் பனியை நானே தள்ளிவிடுகிறேன். கஞ்சிதான் அடிபிடிக்கிறது, தீயைக் குறைத்தாலும் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் நம் சபைப் பெரியவர் லௌரிலா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன வாத்தியாரே, சைமாம்மா தம்பெரேயிலயே குடியேறிட்டாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்பது முறையா என்று தெரியவில்லை. பாவமென்று நம் சபையார் யாரும் வீட்டில் வைக்காத தொலைக்காட்சிப் பெட்டி ஐலியின் கூடத்தில் இருக்கிறதே, அது ஓடும்போது நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?

தேவ சமாதானம் உன்னோடு இருப்பதாக.

ஆர்வோ


தம்பெரே
9 பிப்ரவரி

அன்புள்ள ஆர்வோ,

தேவ வாழ்த்து.

கஞ்சிக்கு முதலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடு. பால் பிறகுதான்.

நீ கேட்டதற்கு மறைக்காமல் சொல்கிறேன். பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அத்தான் இறந்ததிலிருந்து ஐலி சாப்பிடுவதுகூட அதன் முன்னால்தான். வந்த புதிதில் நான் அறைக்குள்ளேயே காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏண்டி, நரகத்துக்குப் போற வழி என் கூடத்துலயா இருக்கு? வந்து உக்காரு. எனக்குப் பக்கத்துல ஆளில்ல" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

வருவதையெல்லாம் பார்ப்பதில்லை. வெட்டு, குத்து என்று வந்தால், "நிறுத்துக்கா, இது மனசுல தங்கிடும்" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவாள். பனிச்சறுக்குப் போட்டி பார்ப்போம். சனிக்கிழமை மாலையில் மீசைக்காரர் ஒருவர் வந்து சமைத்துக் காட்டுகிறார். போன வாரம் மீன் அப்பத்தைத் தரையில் போட்டுவிட்டு, "நல்லவேளை, இது நாயோட பங்கு" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஐலியும் சிரித்தாள். அத்தான் போன பிறகு அவள் சிரித்து நான் இப்போதுதான் கேட்கிறேன்.

தேவ சமாதானம் உனக்கு.

சைமா


ஹாபவேசி
13 பிப்ரவரி

சைமா,

நாள் வணக்கம்.

உன் கடிதத்தை மேசையில் வைத்து முறையாக யோசித்தேன். முதலாவது, கண்ணுக்கு முன்னால் எதை வைக்கிறோம் என்பதற்கு விசுவாசி பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, நேரம் நம்முடையதல்ல, தேவன் கொடுத்தது. மூன்றாவதை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

அந்த மனிதருக்கு என்ன வயது? நான் சொன்ன எதற்காவது நீ கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாயா? யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மீன் அப்பத்தைக் கீழே போடுவது என்ன பெரிய திறமை? நேற்று நான் கஞ்சிப் பாத்திரத்தையே போட்டேன். பார்க்கத்தான் ஆளில்லை.

இந்தச் சனிக்கிழமைக்கு முன் வந்துவிடு. இல்லையென்றால், அந்தப் பெட்டியா நானா என்று எழுது.

ஆர்வோ


தம்பெரே
19 பிப்ரவரி

அன்புள்ள ஆர்வோ,

தேவ வாழ்த்து.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். விசுவாசிகள் நமக்குள் சொல்லிக்கொள்கிற வாழ்த்தை எடுத்துவிட்டு, தபால்காரரிடம் சொல்வதுபோல 'நாள் வணக்கம்' என்று தொடங்கியிருக்கிறாய். இனி நான் விசுவாசி இல்லை என்று அர்த்தம். சபை கூடிக்கூட அப்படிச் சொல்லவில்லை. என் கணவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான்.

ஐலி உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "உன் வாத்தியாருக்கு வந்தது பக்தி இல்லடி. மீசை மேல வயித்தெரிச்சல்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் அந்த வயிற்றெரிச்சல் உண்டு, ஆர்வோ. நம் வீட்டில் பெட்டி கிடையாது. ஆனால் சாயங்காலம் ஆனால் நீ சதுரங்கப் பலகை முன் உட்கார்ந்துவிடுவாய். தூர்க்குவிலிருந்து ரிஸ்தோ தபால் அட்டையில் அனுப்பிய நகர்வுக்கு எதிர் நகர்வு யோசிப்பாய். நான் உன் முதுகோடு பேசிக்கொண்டிருப்பேன். நீ "ம்" என்பாய். சதுரங்கம் பாவம் என்று எந்தப் போதகரும் சொன்னதில்லை. நீயும் நானும் முகம் பார்த்திராத அந்த ரிஸ்தோவை நான் எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? அதற்காக நான் வேதத்தில் ஆதாரம் தேடவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றைப் பார்த்து எழுந்த பிறகு நான் எப்படிப்பட்டவளாக இருக்கிறேன் என்று என்னைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான். பெட்டியை அணைத்ததும் ஐலி இப்போது என்னோடு பேசுகிறாள். நேற்று, "எனக்காகவும் ஜெபம் பண்ணேன்டி" என்றாள்.

கால் தேறிவிட்டது. வீட்டுக்கு வரலாம். எந்த வாழ்த்துக்கு வருவது என்பதை நீதான் எழுத வேண்டும்.

தேவ சமாதானம்.

சைமா


ஹாபவேசி
25 பிப்ரவரி

அன்புள்ள சைமா,

தேவ வாழ்த்து.

இந்த வாழ்த்தை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். உன்னிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு அதிகாரமே இல்லை. ஐலி சொன்னது சரி. என் பொறாமைக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டேன். மன்னிப்பு உண்டு என்று நம் வழக்கப்படி உன் வாயால் நான் கேட்க வேண்டும். கடிதத்தில் அனுப்பாதே.

லௌரிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இத எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க வாத்தியாரே? பஸ் ஏறுங்க" என்றார்.

ரிஸ்தோவுக்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. என் குதிரை ஆபத்தில் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், ஆட்டத்தை விட மனம் வரவில்லை. அதைப் பற்றி நாம் பேச வேண்டும். நான் "ம்" என்று மட்டும் சொன்னால் கோபித்துக்கொள்.

தொலைக்காட்சி விஷயத்தில் நான் மாறவில்லை. நம் வீட்டுக்கு அது வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். மீசைக்காரர் வரும் நேரத்தில் ஐலி என்னை வெளியே அனுப்பாதிருக்கட்டும். திரையைப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நீ சிரிக்கும்போது உன் முகம் தெரிகிற மாதிரி எனக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும்.

தேவ சமாதானம் உனக்கும், ஐலிக்கும்.

உன் ஆர்வோ