இரண்டும் ஒரே கணினிதான்

கெய்ரோ, 14 மார்ச் 2003

அன்புள்ள பாபாவுக்கு,

எனக்கும் தம்பி ஹைஸமுக்கும் ஒரே மாதிரி கணினி வாங்கி அனுப்பியதாக நீங்கள் சொன்னது பொய். வெளிப்பெட்டி மட்டும்தான் ஒன்று. உள்ளே கணக்குப் போடும் சில்லு அவனுக்குப் பென்டியம், எனக்கு மலிவு ரகமான செலரான்.

கட்டடக்கலை இறுதியாண்டில் இருப்பது நான். என் மருத்துவமனைத் திட்டத்தின் முப்பரிமாணப் படங்களை மே மாதத்துக்குள் கல்லூரியில் கொடுக்காவிட்டால் இந்த வருடம் போச்சு. ஒரு படம் முடிவதற்குள் என் கணினிக்கு மூச்சு வாங்குகிறது. பாதியில் நின்றும் விடுகிறது. பக்கத்து அறையில் உங்கள் மகன் பென்டியத்தில் கால்பந்து ஆடுகிறான். கொஞ்ச நாள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பாஷ்மொஹந்திஸா, மொதல்ல முட்ட பொரிக்கக் கத்துக்க. அப்புறம் ஆஸ்பத்திரி கட்டலாம்" என்றான். பொறியாளரம்மா என்ற மரியாதைச் சொல்கூட அவன் வாயில் வசவாகிறது. அம்மா சிரித்தாள்.

உங்கள் மகள்,
ரிஹாப்

தம்மாம், சவூதி அரேபியா, 2 ஏப்ரல் 2003

கண்ணு ரிஹாப்,

உன் கடிதத்தைப் படித்தபிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்பனைப் பொய்யன் என்று எழுத யாரிடம் கற்றாய்? படிக்கிற பெண்ணுக்கு மலிவு ரகமே போதும் என்றான் கடைக்காரன். ஹைஸம் ஆண்பிள்ளை, நாளைக்குக் குடும்பத்தைத் தாங்க வேண்டியவன். உன்னுடையது, கல்யாணமானதும் அடுப்போடும் குளிர்பெட்டியோடும் இன்னொருவர் வீட்டுக்குப் போகிற சாமான். அதற்கேற்றபடிதானே வாங்குவார்கள்? கொஞ்சம் பொறுத்துக்கொள். இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. அம்மாவுக்கு ஒத்தாசையாக இரு.

ஆயிரம் முத்தங்களுடன்,
பாபா

கெய்ரோ, 30 மே 2003

பாபாவுக்கு,

இரண்டு கணினியிலும் அந்தச் சில்லு உட்காரும் இடம் ஒன்றேதான். கடைக்காரன் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை, ஹைஸம் தொழுகைக்குப் போனதும் இரண்டையும் திறந்தேன். விசிறியைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, சில்லுகளை இடம் மாற்றி வைத்தேன். சில்லின் அடியில் இருக்கும் ஒரு கம்பிகூட வளையவில்லை.

படங்கள் முடிந்தன. தேறிவிட்டேன்.

அவனுக்கு இன்னும் தெரியாது. போன வாரம் நண்பனிடம் பீற்றிக்கொண்டிருந்தான்: "பென்டியம்னா பென்டியம்தான்டா. எங்கக்கா டப்பாவுல இதெல்லாம் ஓடுமா?" செலரானில் ஆடிக்கொண்டே சொன்னான்.

சொல்லுங்கள் பாபா, அவனுக்கு எதற்கு அதை வாங்கினீர்கள்?

ரிஹாப்

கெய்ரோ, 27 ஜூன் 2003

பாபாவுக்கு,

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, ஹைஸமின் சில்லை அவன் கணினியிலேயே திருப்பி வைக்கச் சொன்னீர்களாம். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. "ஒங்கப்பா கொரலே சரியில்லடி. எடுத்த மாதிரியே வச்சிரு, அவனுக்குத் தெரிய வேணாம்" என்கிறாள் அம்மா. வித்தியாசமே தெரியாதவனுக்கு, தெரியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

வைக்கிறேன். அதற்குமுன், "தேவை ரிஹாபுக்குத்தான் என்று தெரிந்தேதான் ஹைஸமுக்கு வாங்கினேன்" என்று உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். அதுவரை பெட்டியைத் திறக்க மாட்டேன்.

ரிஹாப்

கெய்ரோ, 3 அக்டோபர் 2003

பாபா,

ஒரு கட்டட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அம்மா சொல்லியிருப்பாள். நேற்று உங்கள் உறை வந்தது. அம்மாவுக்கு ஒரு கடிதம், ஹைஸமுக்கு ஒன்று. உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

ரிஹாப்