ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் காவல் பார்க்கும் சமூகக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக ராப் பாட்டு கற்றுத்தரும் பாடகியைப் பற்றி எழுதியிருந்தேனே, நேற்று அவளிடம் கையெழுத்து வாங்க இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். "ஒரு தடவ பாத்துடுங்க சார்" என்று ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினாள். கம்பெனி அனுமதியின்றி அவள் எங்கும் பாடவோ கற்றுத்தரவோ கூடாது என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. மூன்று முறை படித்த பிறகே அதை அவளிடம் சொன்னேன்.

"பெரியவரே, உங்களுக்கு ராப் தெரியுமா?" என்றார் கம்பெனிக்காரர்.

"அவருக்குப் படிக்கத் தெரியும்ல" என்று பேனாவை மூடிவிட்டாள்.

பத்து வருடமாகத் தனியாகப் பாடி அவள் எதிர்பார்த்திருந்த வாய்ப்பு. மாதக் கடைசி வரை பொறுப்பதாக அவர் சொல்லிப் போயிருக்கிறார். பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திர அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நீ. கேட்க எனக்கு இங்கே வேறு யாருமில்லை. நான் தப்பாகப் படித்திருந்தால் மறைக்காமல் உடனே எழுது. அவளிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் கணவன்