வெட்டிய பக்கங்கள்

செவ்வாய், இரவு.

பாலிடெக்னிக் மாணவி ஸ்டெல்லா, நான் டைப் செய்து கொடுத்த புராஜெக்ட் ரிப்போர்ட்டைச் சாயங்காலம் என் டைப்பிங் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஈர நெல்லை உலர்த்தும் கருவி பற்றியது. ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். இரண்டை வெட்டி, வரி இடைவெளியையும் குறைத்திருந்தேன்.

"நாப்பது பக்கம் இல்லைன்னா வாங்க மாட்டாங்களாம் ஆன்ட்டி. உங்கள யாரு வெட்டச் சொன்னா?"

"படிக்கிறவங்களுக்குப் புரிய வேணாமா?"

"யாரு படிக்கிறா? எடைதான் போடுறாங்க. நாளைக்குக் கடைசி நாள். பழையபடி பண்ணிக் குடுங்க."

"பக்கத்தக் கூட்டுறதுக்காக அதுக்குக் காத்தடிச்சுக் குடுக்க என்னால முடியாதும்மா."

ஃபைலை அவள் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். எதிரே இருக்கும் இன்னொரு டைப்பிங் கடைக்குப் போனாள். தடியாக ஒன்றை பைண்டிங் செய்து எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே நன்னிலம் பஸ்ஸில் ஏறினாள்.

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நல்ல ரிப்போர்ட்டுகளைப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டேன். அதனால்தான் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவள் தேறிவிடுவாள், தேறட்டும். ஆனால் அவள் வகுப்புப் பிள்ளைகளும் இனி எதிர்க்கடைக்குத்தான் போவார்கள். அப்படியே ஒருத்தி இங்கே வந்து இதையே கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். வருவாளா என்பதுதான் தெரியவில்லை.