இரண்டு பூட்டுத் தொங்கும் கோயில் கதவு

உபதேசியாரே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. துவைத்த வேட்டியை என் மூஞ்சிக்கு நேரே விரித்துக் காட்டினாள் என் வீட்டுக்காரி. இடுப்பு வருகிற இடத்தில் செம்பழுப்பாக ஒரு துருக்கறை. "இது போவாது. சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. அந்தச் சாவிய அறுத்து எறியுங்களேன். அத வச்சு இனி எதத் திறக்கப் போறீங்க?" என்றாள். வேட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். இப்படி நான் நின்றது இதற்கு முன்னால் ஒரே ஒரு நாள்தான். அது எந்த நாள் என்று உமக்குத் தெரியும். நீர் பெட்டிக்குள் இருந்தீர்.

சாவி இன்னும் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கிறது. நம் கோயில் கதவில் மேலத்தெருக்காரர்கள் போட்ட பூட்டின் சாவி. கோபக்காரன், எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று பார்த்துத்தான் என்னிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

எதற்காகப் பூட்டினோம் என்று வெளியூர்க்காரனிடம் சொன்னால் சிரிப்பான். குருத்தோலை ஞாயிறன்று பவனி எந்தத் தெருவிலிருந்து புறப்படுவது என்பதுதான் சண்டை. ஓசன்னா பாட வந்த வாயால் என்னென்னவோ பேசினோம். கையிலிருந்த ஓலையாலேயே அடித்துக்கொண்டோம். மத்தியானம் நாங்கள் கோயிலைப் பூட்டினோம். பொழுது சாய்வதற்குள் கீழத்தெருக்காரர்கள் அதற்கு மேலே தங்கள் பூட்டை மாட்டினார்கள். அவர்களுடைய சாவி யாரிடம்? என் மச்சானிடம். என் வீட்டுக்காரியின் கூடப்பிறந்த அண்ணனிடம். விளாத்திகுளத்தில் தாசில்தார் மூன்று தடவை சமாதானக் கூட்டம் போட்டார். மூன்று தடவையும் டீயைக் குடித்துவிட்டு, தனித்தனி வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். பிறகு கோர்ட்டுக்குப் போனோம்.

எங்கள் ஊரில் ஜெபம் நடத்த வந்த உமக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. நீர் போகவில்லை. கோயில் மணியின் கயிறு உள்ளே மாட்டிக்கொண்டது என்று எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து வாசல் வேம்பில் கட்டினீர். ஞாயிறு காலையில் அதைத் தட்டுவீர். முதலில் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் ஒரு தெரு என்று உட்கார்ந்தார்கள். பிறகு அதுவும் குறைந்து, கடைசியில் என் வீட்டுக்காரியும் இன்னும் நாலைந்து பெண்களும்தான் மிஞ்சினார்கள்.

நான் வரமாட்டேன். ஆனால் மிளகாய்க் காட்டுக்குப் போகிற மாதிரி, நீர் பேசுகிற நேரம் பார்த்து பைக்கை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவேன். நீரும் அப்போதுதான் குரலை உயர்த்துவீர். கள்ளன்தான் நீர்.

அப்படி ஒருநாள் கன்றுக்குட்டிக் கதை. மலைமேல் போன மோசேயைக் காணோம் என்று அந்த ஜனங்கள் காதில் கிடந்ததையெல்லாம் கழற்றி உருக்கி, ஒரு கன்றுக்குட்டி செய்து கும்பிட்டுக் கூத்தடித்த கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் நீர் சொன்ன ஒன்று என்னை நிறுத்திவிட்டது. "மோசே கோவத்துல கற்பலகைய உடைச்சாரு, சரி. ஆனா மறுநாள் காலையில வானத்துலருந்து மன்னா அப்பம் விழுந்துச்சா இல்லையா? விழுந்துச்சு. கன்னுக்குட்டியக் கும்பிட்ட அதே கையி பொறுக்கித் தின்னுச்சு. நாப்பது வருசத்துல ஒருநாள் கூடக் கடவுள் அத நிப்பாட்டல."

பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஜெபம் முடிந்ததும் உம்மிடம் வந்தேன்.

"அவருக்கென்னவே, கடவுளு. மேல உக்காந்து மன்னா போடுவாரு. எம் மச்சான் மூஞ்சில அவரா முழிக்காரு?"

நீர் சிரித்தீர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொண்ணும் இருக்குவே. அத நான் பொம்பளைங்க முன்னால சொல்லல. மன்னா தின்ன அந்தத் தலைமுறையில ரெண்டு பேரு தவிர அத்தனை பேரும் வனாந்தரத்துலயே செத்தான். அவரு பொறுத்துக்கிட்டேதான் இருந்தாரு. இவன்தான் அவரு தாரேன்னு சொன்ன நாட்டுக்குள்ள போகல" என்றீர்.

"பெறகு யாருவே போனது?"

"பிள்ளைங்க போச்சு."

நான் ஸ்டாண்டை எடுத்துவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு காட்டுப் பக்கம் போனேன்.

நெஞ்சு வலியென்று உம்மைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பஸ் பிடித்து வந்து பார்த்தேன். நான் வாங்கி வந்த கடலைமிட்டாயைத் தொடக்கூட நர்ஸ் விடவில்லை. நீர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். என் பெட்டியக் கோயிலுக்குள்ள வச்சு ஜெபம் பண்ணிட்டுக் கொண்டு போங்க. நீரும் உம்ம மச்சானும் சேர்ந்து வந்தாப் போதும்" என்றீர். செய்கிறேன் என்றேன். சத்தியமாக அன்றைக்குச் செய்ய வேண்டும் என்றுதான் சொன்னேன். மச்சானிடமும் இதையே கேட்டீராம். அவனும் சரி என்றானாம்.

நாலாம் நாள் உம்மை வேனில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கினார்கள். மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு மறு பக்கம். நடுவில் பெட்டி. கதவில் இரண்டு பூட்டு. முதலில் திறக்கிறவன் உரிமையை விட்டுக்கொடுத்தவன் ஆகிவிடுவான், கேஸ் போய்விடும் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருந்தார். அவர்கள் வக்கீலும் அதையே சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மச்சான் முதலில் திறக்கட்டும், அடுத்த நொடி நான் திறக்கிறேன் என்று நின்றேன். எதிரே அவனும் அப்படியே நின்றான். என் வீட்டுக்காரி அண்ணனிடம் ஓடினாள், என்னிடம் ஓடினாள். "ரெண்டு பேரு காலுலயும் விழுதேன், திறங்களேன்" என்று கதறினாள். வெயிலில் பெட்டியின் மேல் கிடந்த மாலை வாடிப்போனது. குருவானவர் மூன்றாம் தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியிலேயே ஜெபத்தைத் தொடங்கினார். என் கை இடுப்பு வரை போனது உபதேசியாரே. சாவியைத் தொட்டேன். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு போய் என் பூட்டைத் திறந்தேன். எவனையும் கேட்கவில்லை. மச்சான் பூட்டு அப்படியே தொங்கியது. திறந்த பூட்டைத் தரையில் வைத்துவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. நான் தெருவையே விற்றுவிட்டேன் என்று எங்கள் ஆட்கள் கூடினார்கள். அன்று சாயங்காலமே புதுப் பூட்டு ஒன்று வாங்கிவந்து மாட்டினார்கள். மாட்டியது யார் தெரியுமா? என் மூத்த மகன். "உமக்கு வயசாயிட்டுப்பா, இனி சாவிய நான் பாத்துக்கிடுதேன்" என்றான். என்னுடைய அதே வணங்காக் கழுத்து, அதே முறைப்பு. பிள்ளைகள் போனார்கள் என்று நீர் சொன்னீர். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எதைச் சொல்லிக்கொடுத்தோம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆக, என் இடுப்பில் கிடக்கிற இந்தச் சாவிக்கு இப்போது கதவில் பூட்டே இல்லை. அவள் கேட்டது சரிதான்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் வேம்படிக்குப் போகிறேன். தண்டவாளத் துண்டைத் தட்டுகிறேன். உம்மைப் போல எனக்குப் பேச வராது. அவளும் நானும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறோம். இன்றைக்கும் போனோம். மச்சான் சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனான், நிற்கவில்லை. குரலை உயர்த்திச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

நேற்று நல்ல மழை. மேலத்தெருக் காட்டிலும் கீழத்தெருக் காட்டிலும் ஒரே மாதிரி பெய்திருக்கிறது. கரிசல் பிசுபிசுவென்று செருப்போடு அப்பிக்கொண்டு வந்தது. நாளைக்கு எல்லோரும் விதைப்பார்கள். யாருக்கும் குறை வைக்கவில்லை அவர். நீர் சொன்னபடி மன்னா நிற்காமல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தின்றுவிட்டு இங்கேயே கிடக்கிறோம்.

வேட்டியைக் கட்டிக்கொண்டேன். சாவியை அறுக்கவில்லை. என்னைக் கொண்டுபோகிற அன்றைக்கும் அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கும். உமக்குத் திறக்காத சாவி என்னோடேயே குழிக்குள் வரட்டும், இடுப்பிலேயே இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.