செபமாலையில் ஏறிய ஜெர்மன்

தாடிக்கொம்பு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா காவலில் நீங்கள் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு பிரிஸ்கில்லா எழுதுவது.

மாமாவின் அடக்கத்தைப் போனில் பார்த்தீர்கள். அத்தை நேற்றிலிருந்துதான் சாப்பிடுகிறார். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

ஜெர்மன் பரீட்சையில் தேறினால்தான் உங்களிடம் வர விசா என்றார்கள். காலையில் படித்த வார்த்தை சாயங்காலம் நிற்கவில்லை. கடைசியில் ஐம்பத்து மூன்று மணி செபமாலையை எடுத்து, ஒவ்வொரு மணியிலும் ஒரு வார்த்தையை ஏற்றினேன். திண்டுக்கல் வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் உருட்டிக்கொண்டே போவேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். மேசைக்கு என்ன வார்த்தை என்று நர்கீஸ் டீச்சர் கேட்டால், முதல் மணியிலிருந்து உருட்டினால்தான் வரும். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் மாமாவுக்கு மூச்சு இழுத்தது. அத்தை சாமியாரைக் கூப்பிட ஓடினார். நான் மட்டும் இருந்தேன். "செபமால சொல்லுத்தா" என்றார் மாமா.

மாலையைப் பிடித்து, 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ப்ரோட்" என்று வந்தது. ரொட்டி. அடுத்த மணிக்கு ஜன்னல் வந்தது, அதற்கடுத்து நாற்காலி.  நாலு வயதிலிருந்து சொன்ன செபம், எவ்வளவு முட்டியும் ஒரு சொல் வரவில்லை.

மாமாவோ, நான் முதல் பாதியைச் சொல்லி முடித்ததுபோல, ரொட்டிக்கும் ஜன்னலுக்கும் நம் பதில் செபத்தையே சொன்னார்: "எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." பத்து தடவை சொன்னார். பதினோராவது மணிக்குப் பதில் வரவில்லை.

மருமகள் செபம் சொல்லச் சொல்ல உயிர் போனது, கொடுத்துவைத்தவர் என்று அத்தை ஊரெல்லாம் சொல்கிறார். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் என்னைத் தின்கிறது.

பன்னிரண்டாம் தேதி பரீட்சை. மாலையைத் தொடாமல் வார்த்தை வராது. தொட்டால் மாமா குரல் கேட்கிறது. போகவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று மட்டும் மறுக்காதீர்கள். அங்கே அறையில் தனியாக இருக்கும்போது, அருள் நிறைந்த மரியேயின் முதல் பாதியைப் பத்து தடவை, நம் தமிழில் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் பாதி போதும். பதிலை மாமா சொல்லிவிட்டார்.

உங்கள்
பிரிஸ்கில்லா