ஆவணி பிறக்கட்டும்

தூத்துக்குடி
29.7.1967

அன்புள்ள தங்கை வடிவுக்கு,

பார்ஜ் நமக்கே கிடைத்துவிட்டது. ஏல ஆபீஸ் பலகையில் என் பெயர் ஒட்டியிருப்பதை இன்று காலை கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். முன்பு கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிப்போன பழைய தட்டையான இரும்புப் படகு அது. திரேஸ்புரத்துக்கு வடக்கே மணல் தட்டி, பல வருடமாக அப்படியே கிடக்கிறது. அடியில் உள்ள அறைகளின் மூடிகள் போல்ட் முறுக்கி அடைத்தபடி இருக்கின்றன. திறந்து, இறங்கி, அறுத்துப் பழைய இரும்பாக விற்க வேண்டும். காசிலிங்கம் அண்ணாச்சி என்னோடு பாதிப் பங்கு.

கெமிஸ்ட்ரியில் முதல் பரீட்சையே பெயில், வேறு குரூப்புக்கு மாறட்டுமா என்று கேட்டிருந்தாய். கூடாது. உன் மதினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டருக்குப் படிக்கப்போன புள்ள, லேப்ல நாத்தம் அடிக்குன்னு ஓடி வந்தா ஊரு சிரிக்காதா?"

ஒன்று செய். அவர்கள் இங்கிலீஷில் நடத்தும் பாடத்தை வாராவாரம் எனக்குத் தமிழில் எழுது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கு விளங்கினால் உனக்கும் விளங்கிவிட்டது என்று பொருள்.

இப்படிக்கு
அண்ணன் ஆறுமுகநயினார்


மதுரை, மாணவியர் விடுதி
5.8.1967

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மதினியிடம் சொல்லுங்கள்: நான் ஓடி வரவில்லை. ஆனால் நாற்றம் உண்மைதான். அழுகின முட்டை நாற்றத்தை இவர்களே அடுப்பு மூட்டித் தயாரிக்கிறார்கள்.

உங்கள் பாடம் இதோ. ஒரு கண்ணாடிச் சாடிக்குள் ஈரமான இரும்புத் தூளை ஒட்டவைத்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்தோம். இந்த வாரம் பார்த்தால் தூள் எல்லாம் துரு. தட்டுத் தண்ணீர் சாடிக்குள் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறி நிற்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். இரும்பு துருப்பிடிக்கும்போது அதைத் தின்றுவிடுகிறது. மிஞ்சிய காற்றுக்குள் எரிகிற குச்சியை நுழைத்தோம். தண்ணீரில் முக்கியதுபோல் அணைந்தது.

தேவபிரசாதம் மிஸ் சொன்னார்: "பார்க்க ரெண்டும் ஒரே காத்துதான். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நெருப்புக்குத்தான் தெரியும்."

விளங்கியதா? இல்லையென்றால் உங்களுக்கும் பெயில்.

தங்கை
சண்முகவடிவு


தூத்துக்குடி
11.8.1967

அன்புள்ள வடிவுக்கு,

பாடம் விளங்கியது. இரும்புக்கும் பசி உண்டு என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "நம்ம பார்ஜ் என்னத்தத் தின்னுச்சோ! எடை குறையாம இருந்தாச் சரி" என்றார்.

இன்று காலை முதல் மூடியைத் திறந்தோம். வேலையாட்களுக்கு மேஸ்திரிபோல இருக்கிற முப்பிடாதி, சூடம் காட்டாமல் புது இடத்தில் காலை வைக்க மாட்டான். தட்டில் சூடத்தை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினோம். மூடி வாயைத் தாண்டியதும் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினோம், மறுபடியும் அணைந்தது. அரிக்கேன் விளக்கை விட்டோம். அதுவும் போயிற்று.

ஆட்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். "கடக்கரைக் காத்துல அணைஞ்சதுக்கு என்னத்துக்குலே மூஞ்சியத் தூக்குதிய?" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். "உள்ள காத்தே இல்லியே அண்ணாச்சி. குப்புன்னுல்லா புழுங்குது" என்றான் முப்பிடாதி.

கடைசியில் அண்ணாச்சியே ஒரு முடிவுக்கு வந்தார். "ஆடி மாசத்துல தொறந்தது நம்ம தப்பு. ஆவணி பிறக்கட்டும், நல்ல நாள் பாத்துத் தொறப்போம்." மூடியைப் பழையபடி முறுக்கிவிட்டு வந்துவிட்டோம்.

மதினி நலம். உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள்.

அண்ணன்
ஆறுமுகநயினார்


மதுரை
14.8.1967

அண்ணே,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்ததும் மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

அது கடற்கரைக் காற்றும் இல்லை, ஆடி மாதமும் இல்லை. நாங்கள் சாடியில் ஒட்டியது ஒரு பிடி இரும்புத் தூள். உங்கள் பார்ஜின் சுவர், தரை, கூரை எல்லாம் இரும்பு. அடைத்த அறை, உள்ளே ஈரம், இத்தனை வருடம். சூடம் அணைந்த இடத்தில் மனிதனும் அணைந்துவிடுவான். மூச்சு முட்டாதாம், இருமல் வராதாம். நின்ற இடத்தில் விழுவானாம். தூக்கப் போகிறவனும் அவன் மேலேயே விழுவானாம்.

எல்லா மூடிகளையும் திறந்து போடுங்கள். துருத்தியோ காற்றாடியோ வைத்து உள்ளே காற்று அடியுங்கள். பிறகு விளக்கை அடிவரை இறக்குங்கள். அது அணையாமல் எரியும்வரை யாரும் இறங்க வேண்டாம். முப்பிடாதி சூடத்தை நம்புகிறவர். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நாளை சுதந்திர தினம், தபால் போகாது. தந்தி கொடுக்கலாமா என்று நினைத்தேன். தந்திக்காரர் வாசலில் நின்றாலே மதினி அழுதுவிடுவாள். ஆவணி பிறந்து நாள் பார்ப்பதாகத்தானே எழுதியிருக்கிறீர்கள், நேரம் இருக்கிறது.

வியாழக்கிழமை எனக்கு இரண்டாம் பரீட்சை.

தங்கை
வடிவு


தூத்துக்குடி
16.8.1967

அன்புள்ள வடிவுக்கு,

இந்த வாரம் என் பாடம் வரவில்லையே. பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி பஞ்சாங்கம் பார்த்துவிட்டார். ஆவணி ஒன்றே நல்ல நாள், வியாழக்கிழமை, குருவாரம். நாளைக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறோம். போன தடவை நடந்தது ஆட்கள் மனதில் அப்படியே நிற்கிறது. இன்னொரு முறை சூடம் அணைந்தால் ஒருவனும் வேலைக்கு வர மாட்டான். அதனால் சூடத்தைக் கரையிலேயே காட்டிவிடுவது, உள்ளே விளக்கே விடுவதில்லை என்று முடிவு. மூன்று கட்டை பேட்டரி லைட் ஒன்று வாங்கியாயிற்று. "இது எப்படி அணையுதுன்னு பாப்போம்லே!" என்று அண்ணாச்சி அதைத் தன் கடை முழுக்க அடித்துக் காட்டினார்.

ஆட்களுக்குப் பயம் தெளிய வேண்டும். அதனால் முதலில் நானே இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பிடாதி மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீ பரீட்சையை நன்றாக எழுது. முடிந்ததும் பாடத்தை அனுப்பு.

அண்ணன்
ஆறுமுகநயினார்


மதுரை
18.8.1967, வெள்ளி, மாலை

அண்ணே,

அண்ணாச்சி கடையில் போன் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. வெளியூர் லைன் போட்டுக் கொடுத்த டிரங்க் ஆபரேட்டரே இதைச் சொன்னார். லைன் நன்றாக இருக்கிறது, கடை பூட்டியிருக்கலாம் என்றார். ஆவணி முதல் வெள்ளியில், வியாபார நேரத்தில், அண்ணாச்சி கடை பூட்டியிருந்து நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் புதன்கிழமை எழுதியது இன்று பகல் பதினொரு மணிக்குத்தான் என் கைக்கு வந்தது. என் கடிதம் உங்களுக்கு நேற்று வந்திருக்க வேண்டும். ஆனால் நம் தெருவுக்குத் தபால்காரர் பத்து மணிக்கு முன்னால் வருவதில்லை. நீங்கள் எழுதியிருப்பது எட்டு மணி. கடற்கரையில் ஏதாவது தாமதம் ஆகியிருக்கலாம். அண்ணாச்சி எங்கே போனாலும் தாமதம்தான். முப்பிடாதி உங்களைத் தடுத்திருக்கலாம். மதினி கவரைப் பிரித்துப் படித்துவிட்டுக் கரைக்கே ஓடியிருக்கலாம்.

நேற்றுப் பரீட்சையில் முதல் கேள்வியே இதுதான்: சாடிக்குள் தண்ணீர் ஏன் ஏறுகிறது? ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். மிஸ் இன்று தாளைக் கொடுத்தார். அதற்கு முழு மார்க். அதை எழுதிக்கொண்டிருந்தபோது மணி எட்டே முக்கால் இருக்கும்.

மதியம் தந்தி கொடுத்துவிட்டேன், பதிலுக்கும் சேர்த்துப் பணம் கட்டி. மதினி அழுதாலும் பரவாயில்லை. தந்தியில் எழுதியது இவ்வளவுதான்: இறங்க வேண்டாம், விளக்கு எரியட்டும். எழுதிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது, அது திங்கட்கிழமையே கொடுத்திருக்க வேண்டிய தந்தி என்று.

வார்டனம்மாவிடம் ஊருக்குப் போக அனுமதி கேட்டேன். சாதாரணமாக ஆயிரம் கேள்வி கேட்பவர், இன்று ஒன்றும் கேட்கவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். பதில் தந்தி வருவதானால் இன்று இரவு எட்டு மணிக்குள் வந்துவிடும் என்று தந்தி ஆபீஸில் சொன்னார்கள். இப்போது மணி ஏழு ஆகப்போகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை
வடிவு